காலிக் கட்டங்களும் ஒரு பெட்டி இறாலும்

காலியான சதுரத்தைக் கண்டால் எனக்கு இன்றும் ஆகாது. விண்ணப்பத்தில் டிக் போட விட்டிருக்கும் கட்டமானாலும் சரி, பாத்ரூம் சுவரானாலும் சரி. புது வீட்டுக்கு டைல்ஸ் எடுக்கப் போனபோது, கடைக்காரர் நல்ல வெள்ளைச் சதுரம் ஒன்றைத் துடைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் கடையை விட்டு வெளியே வந்து, வெயிலில் நின்றுகொண்டேன். விலையைக் கேட்டு மிரண்டுவிட்டேன் என்று நினைத்த மனிதர், பாவம், தானாகவே குறைத்துக் கொடுத்தார்.

காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்தான். ஆனால் அவர்கள் சொன்னால் நான் அழுத இடத்தில் கொஞ்சம் கூடுதலாக அழுவேன்; என் வாயால் சொன்னால் ஓரளவு மானம் மிஞ்சும்.

அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். கீழே பேக்கரி, மாடியில் நாங்கள். நாள் முழுக்க மக்ரூன் வேகும் வாசனையில் நிரல் எழுதினால் மனிதருக்குத் தலைக்கனம் வரும் என்பது என் கணிப்பு, எனக்கு வந்தது. அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அக்கா பெயர் ஹெப்சி. அத்தான் செல்வின், ஹார்பர் ரோட்டில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் யார்டுக்குப் பொறுப்பாளர். உறைந்த இறாலை ரீஃபர் என்கிற குளிர் கண்டெய்னரில் அடைத்து, கப்பல் வரும்வரை கரண்ட் கொடுத்துக் காத்து, நேரம் பார்த்துத் துறைமுகத்துக்கு அனுப்புகிற இடம் அது.

அந்த யார்டுக்கு ஒரு புது செயலி வேண்டும் என்றார் அதன் முதலாளி. நாசரேத்துக்காரர், ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அத்தான் வாயைத் திறந்து என் பெயரைச் சொல்லிவிட்டார்.

"செல்வின், உம்ம கொழுந்தியாங்கிறதாலதான் ஒத்துக்கிடுதேன்" என்று என் முன்னாலேயே அண்ணாச்சி சொன்னார். "நாளைக்கு ஏதும் கோளாறுன்னா அந்தப் பிள்ளைகிட்ட கேக்க மாட்டேன். உம்மகிட்டதான் கேப்பேன்."

அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அந்த வாக்கியத்தின் கனம் தெரியவில்லை. அத்தானுக்குத் தெரிந்திருந்தது என்று பிறகு அக்கா சொன்னாள்.

யார்டுக்கு எல்லா ஊர் டிரைவர்களும் வருவார்கள். தமிழ் தெரியாதவர் உண்டு, இந்தி மட்டும் தெரிந்தவர் உண்டு, எதையும் படிக்கப் பொறுமை இல்லாதவர் நிறைய உண்டு. எனவே பொத்தான்களில் எழுத்தே வேண்டாம், எல்லாம் படம் என்று முடிவு செய்தேன். வண்டி உள்ளே வந்தால் ஒரு குட்டி லாரி, கரண்ட் கொடுத்தால் ஒரு பிளக், துறைமுக வாசலில் காட்டும் சீட்டுக்கு ஒரு பிரிண்டர். "பொத்தான்ல எழுத்து போடுறதெல்லாம் பழைய காலம் அண்ணாச்சி" என்று அவரிடமே சொன்னேன். (வயது கேட்காதீர்கள். வாய் மட்டும் வளர்ந்திருந்த வயது.)

இங்கே ஒரு சின்ன விளக்கம் சொல்ல வேண்டும். அந்தப் படங்கள் உண்மையில் படங்கள் அல்ல. ஐகான் ஃபாண்ட் என்று ஒரு எழுத்துருக் கோப்பு. அதில் 'அ' இருக்கும் இடத்தில் லாரியும் 'ஆ' இருக்கும் இடத்தில் பிளக்கும் உட்கார்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பு கூடவே வந்து சேர்ந்தால் லாரி தெரியும். வராவிட்டால், தெரியாத எழுத்துக்கு என்ன காட்டுமோ அதைத்தான் திரை காட்டும். ஒரு காலிக் கட்டம்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் அண்ணாச்சி ஒரு குறை சொன்னார். யார்டில் இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே சிக்னல் சரியாகக் கிடைக்காது. நான் என் போனில் காட்டியபோது செயலி திறக்க நேரமானது என்று அத்தான் மூலம் சொல்லியனுப்பினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுதியதையெல்லாம் சர்வரில் ஏற்றுவதற்காக மூட்டை கட்டுகிற வேலைக்குப் பெயர் பில்ட். அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்த்து, இது எதற்கு, அது எதற்கு என்று கழித்துக் கட்டினேன். எடை பாதியானது. திறந்து பார்த்தேன்; என் லேப்டாப்பில் பறந்தது, என் போனில் பறந்தது. "பாதியாக் குறைச்சிட்டேன் அத்தான்" என்று செய்தி அனுப்பினேன். அத்தான் அதைப் பெருமையோடு அண்ணாச்சிக்குத் தள்ளிவிட்டார்.

யார்டுக்கென்று வாங்கிய புது டேப்லெட்களில் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கேதான் எங்கள் ஊர் வருகிறது. நாசரேத், சாத்தான்குளம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் புது மிக்சி வந்தால்கூட ஜெபம் பண்ணாமல் பிளக்கைச் சொருக மாட்டார்கள். (எங்கள் அம்மா என் முதல் போனை பைபிளுக்குள் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தார்.) அண்ணாச்சி வாங்கிய டேப்கள் பெட்டி பிரிக்காமல் அவருடைய மேசையில் ரிப்பன் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. "ஐயர் வந்து ஜெபம் பண்ணி அவர் கையால பிரிக்கட்டும், அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது" என்பது உத்தரவு. எங்கள் பக்கம் சபைக் குருவானவரை ஐயர் என்போம். நானும் அந்த வளர்ப்புதான் என்பதால் அதை எதிர்த்துப் பேச எனக்குத் தோன்றவே இல்லை. என் போனில்தான் நன்றாக ஓடுகிறதே.

இன்னொன்றும் செய்திருந்தார் அண்ணாச்சி. பழைய மென்பொருள் இருந்த கம்ப்யூட்டரைத் தூக்கி, நாசரேத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தானமாக வண்டி ஏற்றிவிட்டார். "பழசு இருந்தா பயலுவ பழசைத்தான் தேடுவானுவ" என்றார். அதாவது, அன்றைக்குத் துறைமுக வாசலுக்கான சீட்டு வர வேண்டுமென்றால் நான் எழுதிய செயலியிலிருந்து மட்டுமே வரும்.

அன்றைக்குப் போக வேண்டியது ஒரே ஒரு ரீஃபர். உள்ளே இறால். மதியம் வாசல் அடைப்பதற்குள் போகாவிட்டால் அந்தக் கப்பல் போய்விடும். அடுத்த கப்பல் வருவதற்குள் வாங்குகிறவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். டிரைவர் பேச்சிமுத்து டிரெய்லரில் பெட்டியை ஏற்றி, முகம் கழுவி, விபூதி பூசி, விழாவுக்குத் தயாராக நின்றார்.

காலையில் ஐயர் வந்தார். கூட்டம் கூடியது. மக்ரூன் தட்டு வந்தது. எங்கள் கம்பெனியின் அன்பளிப்பு, கீழ்த்தளத்திலிருந்து. அண்ணாச்சி நான்கு வார்த்தை பேசினார். "இந்தப் பிள்ள கடைசி நாள்ல கூட உக்காந்து எடையைப் பாதியாக் குறைச்சிருக்கு" என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். கைதட்டினார்கள். நான் தலைகுனிந்து நின்றேன், அடக்கமாம். ஐயர் உருக்கமாக ஜெபித்து, ரிப்பனை வெட்டி, முதல் டேப்பை உறையிலிருந்து உருவி அண்ணாச்சி கையில் கொடுத்தார்.

திரை மலர்ந்தது. மேலே கம்பெனிப் பெயர் அழகாக வந்தது. அதன் கீழே, வரிசை வரிசையாக, ஒன்றுக்கொன்று எந்த வித்தியாசமும் இல்லாத காலிக் கட்டங்கள்.

அண்ணாச்சி டேப்பைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், பிறகு மனதார, "நல்லாருக்கே. நெரிசல் இல்லாம சுத்தமா இருக்கு" என்றார்.

ஐயர் எட்டிப் பார்த்து, "இதுல எதைம்மா அமுக்கணும்?" என்றார்.

அந்த இடத்தில் ஓர் ஒழுங்கான மனுஷி, "கோளாறு இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லியிருப்பாள். நான், "லோடு ஆவுது ஐயா" என்றேன். பிறகு டேப்பை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, சிக்னல் தேடுகிற பாவனையில் அந்த அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கட்டங்கள் கட்டங்களாகவே இருந்தன. இன்னொரு டேப்பைப் பிரித்தேன். அதிலும் கட்டம். என் போனை எடுத்துப் பார்த்தேன். லாரி, பிளக், பிரிண்டர், எல்லாம் பளிச்சென்று இருந்தன.

அத்தான் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் கேட்டார். "ஏளா ஜெசி, என்ன இது?"

"டேப்புலதான் கோளாறு அத்தான். இங்க பாருங்க, என் போன்ல நல்லாருக்கு" என்று காட்டினேன்.

"ஆமா, உன் போன்ல நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தான். பிறகு தன் போனில் திறந்து பார்த்தார். அவருடைய முகம் போன போக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதிலும் கட்டம்.

இதற்குள் அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. முதல் சீட்டை அவர் கையால் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. "படம் வந்தா என்ன, வராட்டா என்ன. எந்தக் கட்டம்னு சொல்லு, அமுக்குதேன்" என்றார்.

என் போனில் சீட்டுக்கான பொத்தான் இரண்டாவது வரிசையில் முதலாவது. கண்ணை மூடினாலும் தெரியும், வரைந்தவளே நான்தானே. "ரெண்டாவது வரிசைல முதல் கட்டம் அண்ணாச்சி" என்றேன், கணீரென்று. போன் திரை ஒடுக்கம், ஒரு வரிசைக்குக் கொஞ்சம் பொத்தான்தான் பிடிக்கும். டேப் திரை அகலம், கூடுதலாகப் பிடிக்கும், எனவே இரண்டாவது வரிசையில் முதலாவதாக வருவது முற்றிலும் வேறு பொத்தான் என்பது, அண்ணாச்சியின் விரல் திரையைத் தொட்ட அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது.

நிச்சயமா என்று கேட்கும் பெட்டி ஒன்று எழும்பியது. அதற்கும் நான் எழுத்து வைக்கவில்லை. மேலே ஒரு காலிக் கட்டம், கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காலிக் கட்டம்.

"இதுல எது ஆமா?" என்றார் அண்ணாச்சி. நான் பதில் சொல்வதற்குள் அவரே வலது பக்கம் அமுக்கினார். டிங் என்றது. திரை பச்சையானது. ஐயர் "ஸ்தோத்திரம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயும் முன் அண்ணாச்சியின் சட்டைப் பையில் போன் அடித்தது. இறாலை வாங்குகிறவரின் ஏஜென்ட். பெட்டி கிளம்பியவுடன் அவருக்குத் தானாகச் செய்தி போகும்படி செய்திருந்தேன்; அதுவும் என் சாமர்த்தியம்தான். அண்ணாச்சி வாய் நிறையச் சிரித்தபடி, "கிளம்பிட்டா? ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே பேச்சிமுத்து டிரெய்லர் மேல் சாய்ந்து மக்ரூன் தின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெட்டி, இம்மியும் அசையாமல்.

அண்ணாச்சி போனை வைத்தார். "எங்கன கிளம்பிச்சு? இங்கனதான நிக்கு?"

செயலியைப் பொறுத்தவரை அந்தப் பெட்டி போய்விட்டது. போய்விட்ட பெட்டிக்குச் சீட்டு கொடுக்க அது மறுத்துவிடும். திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல ஒரு பொத்தான் உண்டு, அதுவும் அந்தக் கட்டங்களில் ஏதோ ஒன்று. நான் டேப் பக்கம் கையை நீட்டினேன். அண்ணாச்சி அதைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இனி ஒருத்தரும் எந்தக் கட்டத்தையும் அமுக்கக் கூடாது" என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல், அத்தானைப் பார்த்து, "செல்வின், என் இறால் கப்பல் ஏறணும்" என்றார்.

அத்தான் "ஏறும் அண்ணாச்சி" என்றார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது. எனக்கு அப்போதே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

எடை மேடைக்குப் பக்கத்து அறையில் லேப்டாப்பை விரித்து, என் போனிலிருந்து நெட் எடுத்து உட்கார்ந்தேன். ஃபாண்ட் கோப்பை டேப் கேட்டதா என்று பார்த்தேன். கேட்டிருக்கிறது. சர்வர் கொடுத்ததா? கொடுத்திருக்கிறது. எந்த இடத்திலும் சிவப்பு இல்லை, எல்லாம் பச்சை. தப்பு நடந்தால் சிவப்பு வரும் என்று நம்பி வளர்ந்தவள் நான். மறுபடி பில்ட் போட்டேன், அதே கட்டம். சர்வரை அணைத்து எழுப்பினேன், அதே கட்டம். அண்ணாச்சி வாசலில் இப்படியும் அப்படியும் நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தான் என் பின்னால் நின்றார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில், கொடுத்தேன் கொடுத்தேன் என்கிறதே, என்னத்தைக் கொடுத்தது என்று திறந்து பார்த்தேன். ஃபாண்ட் கேட்டவனுக்குச் சர்வர் எங்கள் முகப்புப் பக்கத்தை எடுத்துக் கொடுத்திருந்தது. யாராவது இல்லாத ஒன்றைக் கேட்டு வந்தால் இல்லை என்று முகத்தில் அடிக்காதே, முகப்புப் பக்கத்தைக் காட்டி உட்கார வை என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்ததும் நான்தான். சோறு கேட்டவருக்கு வாசல் படியைக் கழுவிக் காட்டிய மாதிரி, அது மரியாதையாக நடந்துகொண்டிருந்தது.

அப்படியென்றால் ஃபாண்ட் அங்கே இல்லவே இல்லை. பில்ட் மூட்டையைப் பிரித்தேன். மற்றதெல்லாம் இருந்தது, ஃபாண்ட் இருக்க வேண்டிய ஃபோல்டர் இல்லை. எங்கே போனது? முந்தைய நாள் மக்ரூன் வாசனையில் மிதந்தபடி, 'இது ஏன் இவ்வளவு கனம்' என்று நானே ஒரு வரி எழுதிக் கழற்றிவிட்டிருந்தேன். காலையில் கைதட்டு வாங்கிக் கொடுத்த பாதி எடை, அதுதான். என் லேப்டாப்பும் என் போனும் பழைய ஃபாண்டை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு என்னைச் சமாளித்திருந்தன. ஊரில் உள்ள மற்ற எல்லாத் திரையும் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

அந்த வரியை அழித்தேன். பில்ட் போட்டேன். ஃபாண்ட் மூட்டைக்குள் வந்துவிட்டது. இனி சர்வரில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. கனம் கூடிய மூட்டை ஏறவில்லை. யார்டில் சிக்னல் இல்லை என்று அண்ணாச்சி சொன்னது பொய் இல்லை.

அத்தான் வாய் திறந்தார். "பேச்சிமுத்து, நீ கிளம்பு. போய் கேட் லைன்ல நில்லு. சீட்டு உன் போனுக்கு வந்துரும்."

"சீட்டு இல்லாம உள்ள விட மாட்டாவளே" என்றார் பேச்சிமுத்து.

"வந்துரும்னு சொல்லுதேன்லா. போ." பிறகு அண்ணாச்சியிடம் திரும்பி, "என் பொறுப்பு அண்ணாச்சி" என்றார்.

சிக்னல் தேடி நானும் அத்தானும் பைக்கில் கிளம்பினோம். நான் பின்னால், மடியில் திறந்த லேப்டாப், ஒரு கையில் போன். ஹார்பர் ரோட்டில் லாரிகள் புழுதி கிளப்ப, எங்களைப் பார்த்த டிரைவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். உப்பளத்து ஓரம் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. ஓலை போட்டு மூடிய ஓர் உப்புக் குவியல் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார் அத்தான். நான் சீட்டின் மேல் லேப்டாப்பை வைத்து, மூட்டையை ஏற்ற ஆரம்பித்தேன். எவ்வளவு ஏறியது என்று காட்டும் நீலக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. உப்பின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தூரத்தில் துறைமுக வாசலுக்குப் போகும் லாரி வரிசை தெரிந்தது. அதில் எங்கோ ஒன்று பேச்சிமுத்து. அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், அதை என்னிடமிருந்து மறைப்பதுமாக இருந்தார். நான் மனசுக்குள், பைபிளில் தெரிந்த சங்கீதம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், வரிசை மாற்றி.

அப்போது பேச்சிமுத்து கூப்பிட்டார். அத்தான் போனில் எனக்கே கேட்டது. "அண்ணே, எனக்கு முன்னால கொஞ்சம் வண்டிதான் நிக்கு. அப்புறம் அடைச்சிருவாவ போல."

அந்தக் கோடு முக்கால்வாசி தாண்டியபோது என் போன் அடித்தது. ஹெப்சி அக்கா. அழைப்பு வந்ததும் நெட் நின்றது. நீலக் கோடும் நின்றது.

எடுத்துக் கத்தினேன். "அக்கா வைக்கா, அப்லோடு நின்னுட்டு."

"ஏளா, ஜெபம் முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு. பிரியாணி ஆறுது, ரெண்டு பேரும் எங்கன இருக்கிய?"

அந்தப் பிரியாணி என்ற வார்த்தையில் எனக்குத் தாங்கவில்லை. அழ ஆரம்பித்தேன். ஸ்பீக்கரில் போட்டு, கோர்வை இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டம், இறால், போகாத பெட்டி போய்விட்டது, போக வேண்டிய பெட்டி போகவில்லை, அத்தான் பொறுப்பு ஏற்றுவிட்டார், இனி அத்தான் அண்ணாச்சியை எந்த முகத்தோடு பார்ப்பார்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். "எல்லார் போன்லயும் கட்டமாத்தான் தெரியுதா?"

"எல்லார்லயும்க்கா. என் போன்ல மட்டும்தான் நல்லாத் தெரியுது."

"அப்ப உன் போன்லயே அமுக்க வேண்டியதானளா?"

நான் கையிலிருந்த போனைப் பார்த்தேன். காலையிலிருந்து அந்தப் போனை நான் எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன், பாருங்கள் என் போனில் நன்றாக இருக்கிறது என்று. அதில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு எனக்கு இருந்தது. கோளாறை எப்படிச் சரிசெய்வது என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்த மூளைக்கு, இறாலை எப்படி அனுப்புவது என்று யோசிக்கத் தோன்றவே இல்லை. அத்தான் முகத்தைத் திருப்பி உப்புக் குவியலை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைன்ல இருக்கியளா?" என்றாள் அக்கா.

வைத்தேன். போனில் செயலியைத் திறந்தேன். திரும்பி வந்தது என்று ஒன்று அமுக்கினேன். சீட்டு என்று ஒன்று அமுக்கினேன். புறப்பட்டது என்று ஒன்று அமுக்கினேன். சீட்டு பேச்சிமுத்துவின் போனுக்குப் பறந்தது. ஒரு தும்மல் போடும் நேரத்தில் முடிந்துவிட்டது, நான் காலையிலிருந்து செத்துப் பிழைத்த காரியம்.

பிறகு காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பை நான் எழுதப் போவதில்லை. பேச்சிமுத்து கூப்பிட்டார். "உள்ள வந்துட்டேன் அண்ணே. எனக்குப் பொறவு கேட்டை இழுத்துட்டாவ."

அத்தான் பைக்கில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியைத்தான் துடைத்தார் என்று இன்றும் சாதிக்கிறார். நான் ரோட்டோரமே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். எனக்காக ஒரு மனிதர் தன் பெயரை அடகு வைத்து, அது மூழ்கப் போகிறது என்று தெரிந்தும் என்னை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அந்த நன்றி எனக்கு இன்றும் தீரவில்லை.

நின்ற நீலக் கோட்டை மறுபடி ஓடவிட்டு, ஏற்றிவிட்டு, யார்டுக்குத் திரும்பினோம். டேப்பில் அப்போதும் கட்டம்தான். காலையில் வாங்கிய தப்பான பதிலையே அது பத்திரமாக ஞாபகம் வைத்திருந்தது. ஃபாண்ட் கோப்புக்கு வேறு பெயர் வைத்து ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன, குட்டி லாரி, பிளக், பிரிண்டர்.

அண்ணாச்சி டேப்பைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இதைத்தான் தேடுனியாக்கும்? காலையில இருந்ததே சுத்தமா இருந்துச்சு" என்றார். அதற்குள் ஏஜென்டும் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு வரிசையாகச் செய்தி போயிருந்தது: இறால் புறப்பட்டது, இறால் திரும்பி வந்தது, இறால் புறப்பட்டது. "என்ன அண்ணாச்சி, போன இறால் எதை மறந்து வச்சிட்டு வந்து எடுத்துட்டுப் போச்சு?" என்று கேட்டாராம். அண்ணாச்சி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் பெருசா எழுத்துல எழுது" என்றார் என்னிடம். பிறகு அத்தானிடம், "யாருவே இந்தப் பிள்ளையச் சேத்துவிட்டது?" என்றார், தெரியாதவர் போல.

"நான்தான் அண்ணாச்சி. எங்க வீட்டுப் பிள்ளதான்" என்றார் அத்தான்.

அன்றிலிருந்து நான் செய்த எந்தச் செயலியிலும் எழுத்தில்லாத பொத்தான் கிடையாது. கூட வேலை செய்பவர்கள் என்னைப் பழைய காலத்து ஆள் என்கிறார்கள். இருக்கட்டும்.

மக்ரூன் தட்டோடு கடைசிவரை யார்டில் காத்திருந்த ஐயரிடம், அக்கா போனில் கேட்டதை அத்தான் அடக்க முடியாமல் சொல்லிவிட்டார். அது நாசரேத் போய், அங்கிருந்து சாத்தான்குளம் போய், என் அம்மாவுக்கு என்னைவிட விவரமாகத் தெரிந்திருந்தது. வீட்டில் நான் கண்ணாடி எங்கே, சாவி எங்கே என்று கேட்டால், யாராவது ஒருவர் "உன் போன்ல தெரியுதான்னு பாரு" என்பார்கள். வாசல் வரை போய் எதையாவது மறந்து திரும்பினால், "இறால் வந்துட்டு" என்பார்கள். பழகிவிட்டது.

அதற்கு அடுத்த வருஷம் எனக்குச் சாத்தான்குளத்துக் கோவிலில் (எங்கள் பக்கம் சர்ச்சை அப்படித்தான் சொல்வோம்) கல்யாணம். நடத்தி வைக்க வந்தவர் அதே ஐயர். முதல் வரிசையில் அண்ணாச்சி, பக்கத்தில் அத்தானும் அக்காவும். தாலி கட்டி முடிந்து இருவரும் முழங்காலில் நின்றோம். ஐயர் எங்கள் தலைமேல் கைவைத்து, சமாதானம், சுகம், நீடித்த ஆயுள் எல்லாம் கேட்டார். பிறகு ஒரு நொடி நிறுத்தினார்.

"ஆண்டவரே" என்றார், மிகுந்த உருக்கத்தோடு, "எல்லாரையும்விட இந்த மகளுக்கு, தன் கையில் இருப்பதைத் தானே காணும் கண்களைத் தந்தருளும்."

கோவில் முழுக்கத் தலைகுனிந்து தோள் குலுங்கியது. மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "ஆமென்" என்று எல்லோருக்கும் முன்னால், சத்தமாகச் சொன்னது அத்தான்.